கோஷியென்: கறுப்பு மண்ணும் பதினேழு வயசுக் கைகளும்

பேஸ்பால் பத்தித் தமிழ்ல எழுதினா எத்தனை பேர் படிப்பீங்கன்னு தெரியல. கிரிக்கெட்டுன்னா நூறு பேர் சண்டைக்கு வருவீங்க. இருந்தாலும் ரொம்ப நாளா மனசுல கிடக்கிற விஷயம், இன்னிக்கு எழுதிடறது. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துக்குங்க.

2025 நவம்பர் 1, டொராண்டோ. அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடர், 7-ஆவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கும் டொராண்டோ புளூ ஜேஸுக்கும் ஆளுக்கு மூணு வெற்றி. ஆட்டம் சமனில் நிக்குது. பந்து வீச ஒருத்தர் நடந்து வர்றார். யோஷினோபு யமமோட்டோ. முந்தின நாள் ராத்திரிதான் 6-ஆவது ஆட்டத்துல 96 பந்து வீசி ஜெயிச்சுக் கொடுத்தவர். அதுக்கு ஆறு நாள் முன்னாடி 2-ஆவது ஆட்டத்துல கடைசி வரைக்கும் தனியா நின்னு 105 பந்து. சாதாரணமா இந்த மாதிரி வீசின பிட்சருக்கு நாலஞ்சு நாள் ஓய்வு கொடுப்பாங்க. இவர் மறுநாளே வந்து இன்னொரு 34 பந்து வீசினார். 11-ஆவது இன்னிங்ஸ்ல 5-4ன்னு டாட்ஜர்ஸ் ஜெயிச்சுது. ஒரே உலகத் தொடர்ல மூணு வெற்றி, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஒரே தொடர்ல மூணு வெற்றின்னு கடைசியா யாராவது செஞ்சது 2001-ல ராண்டி ஜான்சன்.

அதுக்கப்புறம் ஒரு வாரத்துக்கு பேஸ்பால் ரசிகர்கள் கூடின இடத்துல எல்லாம் ஒரே பேச்சு. "பாத்தீங்களா, ஜப்பான்காரன் கை. சின்ன வயசுல இருந்து ஆயிரம் பந்து வீசி வளர்ந்த கை. நாமதான் பசங்களைப் பந்து எண்ணி எண்ணிப் பொத்திப் பொத்தி வளர்த்துக் கெடுக்கிறோம்." என்கூட வேலை பாக்கிற அமெரிக்கர் ஒருத்தர் இதையே சொன்னார். அவர் பையனும் பிட்சர், பதிமூணு வயசு. பையன் வாரத்துல எத்தனை பந்து வீசலாம்ங்கிறதுல அவருக்கும் பையனோட பயிற்சியாளருக்கும் ஓயாத தகராறு.

நான் ஜப்பான்ல கொஞ்ச காலம் குப்பை கொட்டினவன். அதனால சும்மா இருக்க முடியல. அவர்கிட்ட சொல்ல ஆரம்பிச்ச கதைதான் இது.

முதல்ல கோஷியென்னா என்னன்னு சொல்லிடறேன்.

ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவுல நிஷினோமியாங்கிற ஊர்ல இருக்கிற மைதானம். 1924 ஆகஸ்ட்ல திறந்தது. ஆனா அங்க நடக்கிற உயர்நிலைப் பள்ளிப் போட்டி அதைவிட மூத்தது, 1915-லயே 10 பள்ளிகளோட ஆரம்பிச்சிடுச்சு. இப்ப நாடு பூரா மூவாயிரத்துக்கும் மேல பள்ளிகள் மாவட்ட அளவுல மோதி, அதுல 49 அணிகள் ஆகஸ்ட் மாசம் கோஷியென்னுக்கு வரும். தோத்தா வெளியே. மறு வாய்ப்பு கிடையாது. எல்லா ஆட்டத்தையும் என்.எச்.கே. நேரடியா ஒளிபரப்பும். ஆட்டம் ஆரம்பிக்க சங்கு ஊதும், நம்ம ஊர் மில் சங்கு மாதிரியே. ஜெயிச்ச பள்ளியோட பாட்டை மைதானத்துல போடுவாங்க. தோத்த பசங்க குனிஞ்சு உக்காந்து, அழுதுகிட்டே அந்தக் கறுப்பு மண்ணைக் கையால வாரிப் பையில போட்டுக்குவாங்க. அந்த மண் வீட்டுல சாகற வரைக்கும் இருக்கும்.

2006 ஆகஸ்ட்ல நான் ஒசாகாவுல இருந்தேன். ஒரு ப்ராஜெக்டுக்காகப் போன இடம். மதியச் சாப்பாட்டு நேரத்துல கேன்டீன் டிவி முன்னாடி மொத்த அலுவலகமும் நிக்குது. இறுதி ஆட்டம். வசேதா ஜிட்சுக்யோ பள்ளியின் யூகி சைட்டோ ஒரு பக்கம், தொமகோமாய் பள்ளியின் மசஹிரோ தனாகா மறு பக்கம். 15 இன்னிங்ஸ் ஆடியும் 1-1. மறுநாள் திரும்ப ஆடினாங்க. 4-3. கடைசி பேட்ஸ்மேனே தனாகாதான், சைட்டோ அவரை ஸ்ட்ரைக் அவுட் பண்ணி முடிச்சார். சைட்டோவுக்கு அது தொடர்ந்து நாலாவது நாள். அந்த ஒரு போட்டியில அவர் வீசின மொத்தப் பந்து 948. நெத்தி வேர்வையை நீல நிறக் கைக்குட்டையால ஒத்தி ஒத்தி எடுத்த அந்தப் பையனுக்கு 'கைக்குட்டை இளவரசன்'னே பேர் வந்துடுச்சு.

எங்க குழுத் தலைவர் என் பக்கத்துல நின்னு அழுதுகிட்டிருந்தார். அவரைக் 'கச்சோ'ன்னு வச்சுக்குவோம், செக்ஷன் தலைவரை அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஐம்பதை நெருங்கின மனுஷன். ஆபீஸ்ல சிரிச்சுக்கூட நான் பாத்ததில்ல.

அன்னிக்கு சாயங்காலம் ரயில்ல ஒண்ணா போனோம். பெட்டியைத் தூக்கி மேல வைக்க இடது கையால திணறிக்கிட்டிருந்தார். வலது கை பழக்கம் உள்ளவர்னு எனக்குத் தெரியும், கையெழுத்து அதுலதான். நான் வாங்கி வச்சேன். "இந்தக் கை தோளுக்கு மேல போகாது"ன்னார். பள்ளியில பிட்சராம். மாவட்ட அரையிறுதி வரைக்கும் போனாங்களாம், அந்த வாரம் நாலு ஆட்டத்தையும் அவரே முழுசா வீசியிருக்கார். கோஷியென் மண்ணை மிதிக்கவே இல்ல.

"வருத்தமா இல்லையா?"ன்னு கேட்டேன்.

"எதுக்கு? அந்த ஒரு கோடைக்காலம் எனக்குக் கிடைச்சுதே"ன்னார்.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. நிற்க. வரலாற்றுக்குப் போவோம்.

இந்தக் 'கை போனாலும் வீசு' பழக்கம் எங்கிருந்து வந்துச்சு? ஒரே நாள்ல வரல. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு ஆள் முடியாததைச் செஞ்சு காட்டினார், அடுத்த தலைமுறைக்கு அதுவே அளவுகோல் ஆயிடுச்சு.

1933. அரையிறுதி. சூக்யோ பள்ளிக்கும் அகாஷி பள்ளிக்கும் 25 இன்னிங்ஸ். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். 1-0. சூக்யோவின் மசாவ் யோஷிதா தனி ஆளா 336 பந்து வீசினார். மறுநாள் இறுதி ஆட்டத்துலயும் அவரே வீசி ஜெயிச்சார். தொடர்ந்து மூணாவது வருஷப் பட்டம். இப்படி ஒரு கதை கிடைச்சா எந்த நாடுதான் விடும்?

1958. தொகுஷிமா வணிகப் பள்ளியின் எய்ஜி பாண்டோ. வசந்த காலத்துல வட்டார ஆட்டங்கள்ல அடுத்தடுத்து 16 இன்னிங்ஸ், 25 இன்னிங்ஸ்னு வீசியிருந்தார். அதைப் பாத்து மிரண்டுதான் 18 இன்னிங்ஸோட நிறுத்தி மறுநாள் ஆடணும்னு விதியே கொண்டு வந்தாங்க. வேடிக்கை என்னன்னா, அந்த விதியில முதல்ல சிக்கினதும் அவரேதான். அந்தக் கோடையில ஊஓசு பள்ளியோட 18 இன்னிங்ஸ் 0-0, 25 ஸ்ட்ரைக் அவுட். மறுநாள் திரும்பவும் வீசி ஜெயிச்சார். அந்தப் போட்டியில 83 ஸ்ட்ரைக் அவுட். இறுதி ஆட்டத்துல 7-0ன்னு தோல்வி. பையனைக் காப்பாத்தப் போட்ட விதி, அவனுக்கு ஒரு நாள் கூடுதல் வேலை கொடுத்துச்சு. இந்த விஷயத்துல விதிகளோட லட்சணம் பல தடவை இப்படித்தான்.

அதே 1958-ல தொழில்முறை ஆட்டத்துலயும் ஒரு கூத்து நடந்தது. ஜப்பான் தொடர்ல நிஷிதெட்சு லயன்ஸ், யோமியூரி ஜயன்ட்ஸ்கிட்ட முதல் மூணு ஆட்டத்தையும் தோத்துட்டாங்க. இன்னும் ஒண்ணு தோத்தா மூட்டை கட்டணும். அங்கிருந்து நாலையும் ஜெயிச்சாங்க. நாலுக்கும் ஒரே பிட்சர், கசுஹிசா இனாவோ, வயசு 21. ஏழு ஆட்டத்துல ஆறுல வீசினார். 5-ஆவது ஆட்டத்துல 10-ஆவது இன்னிங்ஸ்ல தானே ஹோம் ரன் அடிச்சு முடிச்சும் வச்சார். கடவுளுக்கும் புத்தருக்கும் அடுத்து இனாவோன்னு ஜனங்க கும்பிட்டாங்க. பெப்பு ஊர்ல மீனவர் மகன், சின்ன வயசுல படகு தள்ளித்தான் அந்த உடம்பு வந்துச்சுன்னு சொல்வாங்க. அடுத்த வருஷமே நான்காய் அணியின் தடாஷி சுகியூரா ஜயன்ட்ஸை 4-0ன்னு சாய்ச்சார். நாலு வெற்றியும் அவர் கணக்குல.

இனாவோவின் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க. மொத்தம் 14 வருஷம் ஆடி 276 வெற்றி. அதுல முதல் எட்டு வருஷத்துல மட்டும் 234. ஒன்பதாவது வருஷம், 1964, தோள்பட்டை போச்சு. அந்த வருஷம் வெற்றி: பூஜ்யம். மிச்ச ஆறு வருஷத்துக்கும் சேர்த்து 42. 1961-ங்கிற ஒரே வருஷத்துல அவர் ஜெயிச்ச எண்ணிக்கையும் 42தான். கரும்பு ருசின்னு வேரோட பிடுங்கினது இதுதான்.

1961-ன்னதும் இன்னொருத்தர். சூனிச்சி அணியின் ஹிரோஷி கோன்டோ. முதல் வருஷமே 35 வெற்றி, 429 இன்னிங்ஸுக்கு மேல வீசினார். இன்னிக்கு ஒரு நல்ல பிட்சர் 200 இன்னிங்ஸ் வீசினாலே பெரிய விஷயம். "கோன்டோ, கோன்டோ, மழை, கோன்டோ"ன்னு கேலி பேசினாங்க. மழை பெஞ்சா மட்டும்தான் அவருக்கு ஓய்வு! அடுத்த வருஷம் 30 வெற்றி. அப்புறம் கை இல்ல. மொத்த வாழ்க்கையில 82 வெற்றி, அதுல 65 முதல் ரெண்டு வருஷத்துலயே.

ஆனா கோன்டோ கதை அங்க முடியல. பயிற்சியாளரா வந்தார். தோள்ங்கிறது வீசினா தேயுற பொருள்னு சொல்லிச் சொல்லியே பிட்சர்களை அளந்து பயன்படுத்தினார். 1998-ல யோகோஹாமா அணிக்கு மேலாளர். தன்னை 'மேலாளர்'னு கூப்பிடக் கூடாது, 'கோன்டோ சான்'னு கூப்பிட்டாப் போதும்னார். அந்த வருஷம் ஜப்பான் தொடர் பட்டம் அவங்களுக்கு.

இப்ப பாருங்க விதியோட விளையாட்டை. அதே 1998, அதே யோகோஹாமா ஊர். அங்க இருந்த ஒரு உயர்நிலைப் பள்ளியில டைசுகே மட்சுசாகான்னு ஒரு பையன். ஆகஸ்ட் 20, காலிறுதி, பி.எல். காகுயென் பள்ளியோட. 17 இன்னிங்ஸ், 250 பந்து, 9-7. மறுநாள் அரையிறுதியில கையில கட்டோட வெளியில நின்னார். அணி 6-0ன்னு பின்தங்கிடுச்சு. அணி எழுந்து வர, கட்டைப் பிய்ச்சுப் போட்டுட்டு 9-ஆவது இன்னிங்ஸ் வீச வந்தார். 7-6. அதுக்கு மறுநாள் இறுதி ஆட்டத்துல ஒரு ஹிட் கூடக் கொடுக்காம முடிச்சார். இதை சினிமாவா எடுத்தா நம்மாளுங்களே நம்ப மாட்டாங்க.

ஒரே ஊர், ஒரே வருஷம். கோடையில ஒரு பதினேழு வயசுப் பையன் 250 பந்து வீசறான், நாடே கைதட்டுது. இலையுதிர் காலத்துல, இளமையில அப்படி வீசி நாசமான ஒரு அறுபது வயசு மனுஷன், அப்படி வீச விடாமலே பட்டம் வாங்கறார். எது ஞாபகத்துல நின்னுச்சு? 250தான். இருந்தாலும் ஒண்ணு நடந்தது. 2000-ல 18 இன்னிங்ஸ் வரம்பை 15-ஆக் குறைச்சாங்க.

மட்சுசாகாவுக்குக் கை உடனே போகல, அதையும் சொல்லணும். 2006, 2009 ரெண்டு உலக பேஸ்பால் கிளாசிக்லயும் சிறந்த ஆட்டக்காரர். பாஸ்டன் ரெட் சாக்ஸோட 2007 உலகத் தொடர் பட்டம். அப்புறம் 2011-ல முழங்கையில டாமி ஜான் அறுவை சிகிச்சை. 'அவன் கை தாங்குச்சே, உன் கை ஏன் தாங்காது?'ங்கிற கேள்வி இப்படிப்பட்டவங்களாலதான் உசிரோட இருக்கு. தாங்காதவங்க பேர் யாருக்கும் தெரியாது. எங்க கச்சோ பேர் யாருக்குத் தெரியும்?

ஒரே ஒருத்தர் பேர் மட்டும் தப்பிப் பிழைச்சுது. 1991, ஒகினாவா சுய்சான் பள்ளியின் ரின் ஓனோ. முழங்கை எலும்பு முறிஞ்ச நிலையில, வலியோட 773 பந்து. இறுதி ஆட்டத்துல 13-8ன்னு தோல்வி. அதுக்கப்புறம் அவர் பிட்சராவே வீசல, பேட்ஸ்மேனா மாறினார். அந்தக் கோணலாத் தொங்கின கையைப் பாத்த பிறகுதான், கோஷியென் வர்ற பிட்சர்களுக்குத் தோள், முழங்கை மருத்துவப் பரிசோதனைங்கிற ஏற்பாடே 1990-களில் வந்தது.

கொஞ்சம் உடம்பு விஷயமும் பேசிடுவோம். நம்ம கிரிக்கெட்டுல கையை நீட்டிச் சுழட்டறோம். பேஸ்பால்ல முழங்கையை மடக்கி, பின்னால கொண்டுபோய், சாட்டை மாதிரி விடணும். அந்த நொடியில முழங்கையோட உள்பக்கம் பிளக்கிற மாதிரி இழுபடும். அதைப் பிடிச்சு வச்சிருக்கிறது ஒரு சின்ன தசைநார். வளர்ந்த ஆளுக்கு அது கிழியும். வளர்ற பையனுக்கு எலும்போட நுனி இன்னும் குருத்தா இருக்கும், அதுவே பிய்ஞ்சு விலகும். 1974-ல ஃபிராங்க் ஜோப்ங்கிற டாக்டர், டாமி ஜான்ங்கிற டாட்ஜர்ஸ் பிட்சருக்கு வேற இடத்துல இருந்து நாண் எடுத்து முழங்கையில கோத்தார். டாமி ஜானின் 288 வெற்றியில 164 அதுக்குப் பிறகு வந்தது. நல்லதுதான். ஆனா 'கிழிஞ்சா தைச்சுக்கலாம்'ங்கிற எண்ணமும் அதோடயே வந்துடுச்சு.

அமெரிக்காக்காரங்க எண்ணிக்கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2007-ல லிட்டில் லீக்ல வயசுக்கு இத்தனை பந்துன்னு விதி. 2014-ல பெரிய லீக்கும் சேர்ந்து 'பிட்ச் ஸ்மார்ட்'னு வழிகாட்டுதல். ஜப்பான் அசையல. 2013 வசந்தப் போட்டியில தொமோஹிரோ அன்ராகு, 16 வயசு, 772 பந்து. அமெரிக்கப் பத்திரிகைகள் கொடுமைன்னு எழுதின, ஜப்பான்ல பாதிப் பேர் 'உனக்கென்ன தெரியும்'னு கோவிச்சுக்கிட்டாங்க. 2018-ல அகிதாவின் கானாஷி விவசாயப் பள்ளி. கோசெய் யோஷிதா 881 பந்து வீசி அந்த மாவட்டத்தை 103 வருஷத்துக்கப்புறம் இறுதி ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனார். 13-2ன்னு தோல்வி. நாடே அந்தப் பசங்களைக் கொண்டாடுச்சு. ஆனா இந்தத் தடவை கொண்டாட்டத்துக்கு நடுவுல 'இது சரியா?'ங்கிற குரலும் ஜப்பான்லயே கேட்டுச்சு.

அந்த டிசம்பர்ல நீகாதா மாவட்ட சங்கம், 'எங்க ஊர்ல ஒரு ஆட்டத்துல 100 பந்துக்கு மேல வீசக் கூடாது'ன்னு அறிவிச்சது. தேசிய சம்மேளனம் 'மறுபரிசீலனை பண்ணுங்க'ன்னு சொல்ல, அவங்க வாபஸ் வாங்கினாங்க. ஆனா நெருப்பு பத்திக்கிச்சு. நிபுணர் குழு போட்டாங்க. அந்தக் குழு உக்காந்து பேசிக்கிட்டிருந்த 2019 ஜூலையில அது நடந்தது.

ரோக்கி சசாகி. 2011 மார்ச் 11 சுனாமி வந்தப்ப ஒன்பது வயசு. ரிகுசென்தகாதா ஊர். அப்பாவும் தாத்தா பாட்டியும் போயிட்டாங்க. அம்மாவோட பக்கத்து ஊரான ஓஃபுனாதோவுக்குக் குடிபெயர்ந்தார். 2013 நவம்பர் 3, வடகிழக்குப் பகுதியின் அணியான ராகுடென் ஜப்பான் தொடரை ஜெயிச்ச நாள், அவருடைய பன்னிரண்டாவது பிறந்த நாள். ஜெயிச்சுக் கொடுத்தது, நான் கேன்டீன் டிவில பாத்த அதே தனாகா. முந்தின நாள் 6-ஆவது ஆட்டத்துல 160 பந்து வீசித் தோத்திருந்தார். மறுநாள் 7-ஆவது ஆட்டத்தோட கடைசி இன்னிங்ஸுக்கு மழையில நடந்து வந்து இன்னும் 15 பந்து. யமமோட்டோ செஞ்சதை 12 வருஷம் முன்னாடியே சென்டாய் பாத்தாச்சு.

சசாகி பெரிய பேஸ்பால் பள்ளிகளுக்குப் போகல. ஊர்ப் பசங்களோடயே சாதாரண அரசுப் பள்ளியில சேர்ந்தார். 2019 ஏப்ரல்ல, 17 வயசுல, மணிக்கு 163 கி.மீ. வேகத்துல வீசினார். ஜூலையில இவாதே மாவட்டப் போட்டி. 21-ஆம் தேதி 12 இன்னிங்ஸ், 194 பந்து. 24-ஆம் தேதி அரையிறுதி, 129 பந்து. 25-ஆம் தேதி இறுதி ஆட்டம். ஜெயிச்சா கோஷியென். அந்தப் பள்ளி அங்க போய் 35 வருஷமாச்சு. மைதானம் நிரம்பி வழியுது. அணிப் பட்டியல்ல சசாகி பேர் இல்ல. கடைசி வரைக்கும் பெஞ்சுலயே உக்காந்திருந்தார். 12-2ன்னு தோல்வி. எதிரணி ஹனமாகி ஹிகாஷி, ஷோஹெய் ஓஹ்தானி படிச்ச பள்ளி.

பயிற்சியாளர் சொன்னது இவ்வளவுதான்: காயம் வரக்கூடாதுன்னு நானே முடிவு பண்ணினேன். பள்ளிக்குத் தொலைபேசி ஓயாம அடிச்சுது, பெரும்பாலும் வசவு. அணியில மத்த பசங்களுக்கும் அது கடைசிக் கோடைதானே, அவங்க கனவைப் பறிக்க நீ யாருன்னாங்க. அந்தக் கேள்வியை நான் இன்னிக்கும் லேசா ஒதுக்க மாட்டேன். நியாயமான கேள்வி அது. ஒருத்தனோட கைக்காக மத்தவங்க எல்லாரும் தோத்தாங்க.

அன்னிக்கு ராத்திரி கச்சோவுக்கு மெயில் அனுப்பினேன். ஓய்வு பெற்றுட்டார் அப்ப. அவர் கொதிச்சுப் போயிருப்பார்னு நினைச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் பதில் வந்தது.

"முதல்ல எனக்கும் கோபம்தான். அப்புறம் யோசிச்சேன். எங்க பயிற்சியாளர் நல்லவர். அரையிறுதி அன்னிக்குக் காலையில என்னைக் கூப்பிட்டு, 'முடியுமா?'ன்னு கேட்டார். முடியும்னேன். அவர் கட்டாயப்படுத்தலைன்னு இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். ஆனா பதினேழு வயசுல அந்தக் கேள்விக்கு வேற என்ன பதில் வரும்? இந்த மனுஷன் அந்தப் பையன்கிட்ட அந்தக் கேள்வியைக் கேக்காமலே, பழியைத் தான் வாங்கிக்கிட்டார்."

இதை நான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறது உண்டு.

அந்த வருஷம் நவம்பர்ல குழு முடிவு சொன்னது: ஒரு பிட்சர் ஒரு வாரத்துல 500 பந்துக்கு மேல வீசக் கூடாது. 2020-ல கொரோனாவால வசந்தம், கோடை ரெண்டு போட்டியும் ரத்தானதால, கோஷியென் மண்ணுல அது 2021-லதான் வந்தது. யோசிச்சுப் பாத்தா 500ங்கிறது ஒண்ணும் பெரிய கட்டுப்பாடு இல்ல. ஒரே வாரத்துல 160 பந்து வீதம் மூணு முழு ஆட்டம் ஆடலாம். ஆனா 948ம் 881ம் வீசின மண்ணுல முதல் தடவையா ஒரு எண் வந்துச்சே, அது பெருசு.

சசாகி? லோட்டே அணி எடுத்துக்கிட்டு, முதல் வருஷம் ஒரு ஆட்டத்துல கூட இறக்காம உடம்பைத் தேத்தினாங்க. 2022 ஏப்ரல் 10, 27 பேரையும் வரிசையா அவுட்டாக்கி 'பெர்ஃபெக்ட் கேம்'. 19 ஸ்ட்ரைக் அவுட், அதுல 13 தொடர்ச்சியா. வயசு இருபதுதான். அடுத்த வாரமும் 8 இன்னிங்ஸ் வரைக்கும் ஒருத்தரையும் பேஸுக்கு விடல, 102 பந்து. எழுப்பிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அப்பவும் கத்தினாங்க. 2025-ல டாட்ஜர்ஸ். அந்த அணி டொராண்டோவுல ஜெயிச்சப்ப அவரும் அதுல ஒருத்தர்.

இதோட சுபம் போட்டுட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா 2025 மே மாசம் அவருக்கும் தோள்ல காயம், நாலு மாசத்துக்கு மேல ஆடல. பொத்திப் பாத்துக்கிட்ட கையும் வலிக்கத்தான் செய்யுது. பந்தை எண்ணுற அமெரிக்காவுலயும் முழங்கைகள் கிழிஞ்சுகிட்டுதான் இருக்கு. எண்ணிக்கை குறைஞ்சுது, வேகம் ஏறிடுச்சு, ஒவ்வொரு பந்தையும் உசிரைக் கொடுத்து வீசறாங்கன்னு பெரிய லீக்கே 2024 டிசம்பர்ல வெளியிட்ட அறிக்கையில ஒத்துக்கிட்டாங்க. ஆக, எண்ணினா மட்டும் போதாது. எண்ணாம விட்டாலும் ஆகாது.

சரி, யமமோட்டோவுக்கு வருவோம், அவர் பேரைச் சொல்லித்தானே இந்த விவாதமே. 'ஆயிரம் பந்து வீசி வளர்ந்த கை'ன்னாங்களே, அவர் உயர்நிலைப் பள்ளிப் பையனா கோஷியென்ல ஒரு பந்து கூட வீசல. மியாசாகி மாவட்டத்துல ஒரு பள்ளி, தகுதியே பெறல. 2016-ல ஓரிக்ஸ் அணி நாலாவது சுற்றுலதான் எடுத்தாங்க. எடை தூக்கறதை ஒதுக்கிட்டு, சின்ன ஈட்டி மாதிரி ஒண்ணை எறிஞ்சு, உடம்பு முழுசையும் சேர்த்து வீசப் பழகினார். டொராண்டோவுல அந்த 34 பந்தை வீசினப்ப அவருக்கு 27 வயசு. எலும்பு முத்தின, ஒப்பந்தம் கையில இருக்கிற, வேணாம்னு சொல்லத் தெரிஞ்ச வயசு. இன்னொரு தகவல்: அவர் பிறந்தது 1998 ஆகஸ்ட் 17. மட்சுசாகா அந்த 250 பந்தை வீசினப்ப இவர் மூணு நாள் குழந்தை.

இதையெல்லாம் அந்த அமெரிக்க நண்பர்கிட்ட ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாக் கேட்டார். கடைசியில, "அப்ப என் பையனை எத்தனை பந்து வீச விடணும்ங்கறே?"ன்னார்.

எனக்கு அந்தக் கணக்கு தெரியாது சார், டாக்டரைக் கேளுங்கன்னேன். "ஆனா பையன்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க. முடியும்னுதான் சொல்லுவான்."

அவர் ஒண்ணும் சொல்லல. போன வாரம் பாத்தேன், பையன் அந்த சனிக்கிழமை ஆட்டத்துல முதல் பேஸ்ல நின்னுகிட்டிருந்தான். முகத்தை உம்முன்னு வச்சுக்கிட்டு.